ராகுவுக்கும் கேதுவுக்கும் ஒரு புகைப்படம்

குருப்பெயர்ச்சி வந்தால் திண்டிவனத்தில் இருக்கும் எல்லா பேனர் கடைகளிலும் ஒரே குரு பகவான்தான் அச்சாவார். மஞ்சள் பட்டு, ஆசி வழங்கும் கை, தலைக்குப் பின்னால் ஒரு ராசிச் சக்கரம். யாரோ எந்த ஊரிலோ என்றைக்கோ செய்த அந்தப் படம் பென்டிரைவுக்குப் பென்டிரைவ் தாவி எங்கள் கடைக்கும் வந்து சேர்ந்திருந்தது. நான் அந்தக் கடையில் டிசைனர். சில வருடங்களுக்கு முன் ஒரு கோயிலிலிருந்து குருப்பெயர்ச்சி ஆர்டர் வந்தபோது, அந்த ராசிச் சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துப்போயிருந்தது. அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் உண்மையான வியாழனை வைத்தேன்.

உண்மையான வியாழன் என்றால், விண்கலம் பக்கத்தில் போய் எடுத்தது. காப்பி நிறத்திலும் சந்தன நிறத்திலும் பட்டை பட்டையாக மேகங்கள் ஓட, ஓரத்தில் அந்தச் செந்நிறப் பெரும்புயல். விழுப்புரத்தில் இயற்பியல் படித்த காலத்திலிருந்தே இந்த மாதிரிப் படங்களை இறக்கிச் சேர்த்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில்தான் போட்டுவைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் காலையில் விழுப்புரத்தில் ரயில் ஏறி உட்கார்ந்தால், திண்டிவனம் வருவதற்குள் புதிதாக வந்த படங்களைப் போனில் பார்த்து முடித்துவிடுவேன்.

கடை முதலாளி கோட்டக்குப்பத்துக்காரர். ஷார்ஜாவில் பல வருடம் பெரிய பிரின்டிங் மெஷின் ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பி, சொந்தமாக மெஷின் போட்டவர். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வியாழன் மெஷினிலிருந்து இறங்க இறங்க அவர் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, கேசரியும் காப்பியும் கலந்தாப்ல?"

"இதான் பாய் குரு. நெஜ குரு."

"கஸ்டமர் கேட்டாங்களா?"

"கேக்கல. கேக்க மாட்டாங்க, பாருங்க."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு போய்விட்டார். கோயில்காரர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பதில், கோயில் வாசலில் அந்த பேனருக்கு முன்னால் நின்று ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அந்தச் செம்புயலை குருவின் கண் என்று யாரோ சொல்லி, அதைப் பார்த்தால் நல்லது என்று இன்னொருவர் சேர்த்துவிட்டார். நான் திருத்தப் போகவில்லை. இத்தனை பேர் வியாழனை அண்ணாந்து பார்ப்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த பேனரைப் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் கடைக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, செருப்பில் செம்மண். திருவக்கரைக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு ஊர். அங்கே சிவன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். அவர் விழாக்குழுத் தலைவர். மற்ற நாளில் கேப்பையும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் பயிர் வைப்பவர்.

"அந்த குரு பேனரு போட்ட பொண்ணு யாரும்மா?" என்று வாசலிலேயே கேட்டார்.

"நான்தாங்க ஐயா."

"எங்க கோயில்ல புதுசா நவகிரக சன்னதி கட்டியிருக்கறோம். பந்தல்லேருந்து சன்னதி வரைக்கும் போற வழியில ஒம்போது கிரகத்தயும் நிக்க வெக்கணும். எல்லாம் அதே மாதிரி. நெஜமா இருக்கணும். பண்ணிக் குடுப்பியா?"

"பண்ணிடலாங்க ஐயா."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டு, "நம்ம நாட்டுக்காரன் எடுத்த படம் ஒண்ணாச்சும் அதுல இருக்கணும். வெளிநாட்டுக்காரன் படமா மாட்டிக்கினு இருந்தா எங்க ஊரு பசங்க கேப்பானுங்க" என்றார்.

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. செவ்வாயைச் சுற்றிவந்த நம் நாட்டு விண்கலம் அந்தக் கிரகத்தின் முழு வட்டத்தையும் ஒரே படத்தில் எடுத்திருந்தது. அதை அங்கேயே திரையில் காட்டினேன். கிட்டப் போய்ப் பார்த்தவர், "நம்ம ஊரு மண்ணு மாதிரியே இருக்குதே" என்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் போன பிறகு பாய் என்னைப் பார்த்தார். "ஒம்போதுன்னு சொன்னாரே. எனக்குத் தெரிஞ்சி உங்க சாமியில ரெண்டு பாம்பு வரும். அதுக்கு எங்க போட்டோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராகு, கேது. எந்த விண்கலமும் போகாத இடம். போவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் பயப்படவில்லை. முதலில் மற்ற ஏழு கிரகங்களை முடிப்போம், அதற்குள் வழி தெரியும் என்று வேலையை ஆரம்பித்தேன்.

சூரியனுக்குப் படங்கள் குவிந்து கிடந்தன. சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் விண்கலங்கள் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் படம் எடுக்கின்றன. அதைப் பச்சை, நீலம், பொன், சிவப்பு என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம் கொடுத்து வெளியிடுகிறார்கள். விளிம்பில் தீ நாக்கு வளைந்து எழும் ஒரு சிவப்புப் படத்தை எடுத்தேன். சந்திரனுக்குப் பிரச்சினையே இல்லை. சுக்கிரனில் கொஞ்சம் கவனம் வேண்டும். நெட்டில் தேடினால் வரும் ஆரஞ்சு வெள்ளிக் கிரகம், ரேடாரால் மேகத்தைத் துளைத்துத் தரையை அளந்து அதற்கு நிறம் கொடுத்தது. கண்ணால் பார்த்தால் வெள்ளி என்பது மேகம் மூடிய வெண்ணெய் உருண்டை. சுக்கிரனுக்குக் கோயிலில் சாத்துவதும் வெள்ளை வஸ்திரம்தான். அந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருந்தது. சனிக்கு வளையங்கள் முழுக்க விரிந்த படம்.

முதல் சுற்று டிசைன் பார்க்கத் தலைவர் வந்தார். ஒவ்வொன்றாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவர் புதனில் நின்றுவிட்டார்.

"இது சந்திரன்தானே? அத மொதல்லயே காட்டிட்டியே."

"இல்லீங்க ஐயா, இது புதன். ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். சாம்பல் நெறம், பூரா பள்ளம்."

"புதனுக்குப் பச்சைதாம்மா. பச்சைப் பயிறு, பச்சைத் துணி. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். நீ சாம்பலா வெச்சா ஒத்துக்க மாட்டாங்க. லேசா பச்சை அடிச்சிடு."

"அடிக்க மாட்டேங்க ஐயா."

பாய் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வாடிக்கையாளரிடம் நான் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

தலைவர் கோபப்படவில்லை. ஆனால் சரியான இடத்தில் பிடித்தார். "சூரியனுக்கு மட்டும் செவப்பு இருக்குதே. அது அவங்களே குடுத்த நெறம்னு நீதான சொன்ன? அவங்க குடுத்தா செல்லும், நாம குடுத்தா செல்லாதா?"

நல்ல கேள்வி. சூரியன் படத்தைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொன்னேன். "சூரியன அந்தப் படத்துல எடுத்த வெளிச்சம் நம்ம கண்ணுக்கே தெரியாதுங்க ஐயா. நெறம்னு ஒண்ணு குடுத்தாத்தான் பாக்கவே முடியும். எந்த நெறம் குடுத்தாலும் அது அந்த வெளிச்சத்துக்குப் பதிலா வெச்சதுதான். புதன் அப்படி இல்ல. நேர்ல போய் நின்னா நம்ம கண்ணுக்கே சாம்பலாத்தான் தெரியும். அத மறைச்சிட்டு பச்சை அடிச்சா, நீங்க நெஜமா வேணும்னு கேட்டது என்னாவறது?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ஊருக்கு இன்னா பதில் சொல்றது?"

"படத்த அப்படியே வெச்சிட்டு, சுத்தி பார்டர் போடறேன். துணிக்கரை மாதிரி, அகலமா. புதனுக்குப் பச்சைக் கரை, குருவுக்கு மஞ்சக் கரை, சனிக்கு நீலம். சாமிக்கு வஸ்திரம் சாத்தறோமே, அந்த மாதிரி. உள்ள இருக்கறது அவரு மேனி, வெளிய இருக்கறது நாம சாத்தன துணி."

உடனே எழுந்து அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்துவிட்டார். "போடு, பாக்கறேன்." பச்சைக் கரையைச் சுற்றி இழுத்ததும், அந்தச் சாம்பல் உருண்டைக்கு இதுவரை இல்லாத ஒரு கம்பீரம் வந்தது. எனக்கே அது எதிர்பாராததுதான். "இத வுட்டுட்டு சண்ட போட்டுக்கினு இருந்தோமே" என்றார். அதோடு ஒரு யோசனையும் சொன்னார்: பெயர்களைப் படத்தின்மேல் எழுத வேண்டாம், தனித்தனிப் பட்டைகளாக அடித்துக் கீழே கட்டிக்கொள்ளலாம், படம் படமாகவே இருக்கட்டும்.

இனி ராகுவும் கேதுவும். தலைவருடைய யோசனை, கம்ப்யூட்டரையே பாம்பு வரையச் சொல்லிவிடலாம் என்பது. பாய், கறுப்பாக இரண்டு பேனர் அடித்துவிடலாம் என்றார். கறுப்பு பேனர் எனக்கும் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஏழு படத்துக்குப் பக்கத்தில் அது பதில் இல்லாத கேள்வித்தாள் மாதிரி இருக்கும். கோயிலில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டே முடிவுசெய்வது என்று அந்த ஊருக்கு பஸ் ஏறினேன்.

குருக்கள் என் வயதுதான் இருப்பார். புதுச் சன்னதியில் ஈரச் சிமென்ட் வாசனை போகவில்லை. சிலைகளுக்குச் சாத்தவேண்டிய துணிகளைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ராகு கேதுவுக்கு உருவமே கிடையாதும்மா. சாயா கிரகம்னுதான் சொல்றோம். சாயைன்னா நிழல். கிரகணம் வரச்சே மட்டும்தான் அவா இருக்கறது நமக்குத் தெரியறது."

"அது தெரியும் சாமி. நான் கேக்கறது வேற. நிழலையே போட்டோ எடுத்து வெச்சா ஒத்துப்பீங்களா?"

அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "நிழலுக்கு போட்டோ இருக்கோ?"

போனை எடுத்துக் காட்டினேன். ரயிலில் வரும்போது பல தடவை பார்த்துக் கடந்துபோன படம்தான். அன்றைக்கு பஸ்ஸில்தான் அது எதற்கு உதவும் என்று புரிந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே, நம்மிடமிருந்து வெகு தூரத்தில் நின்று, பூமியின் பகல் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு விண்கலம் சூரிய கிரகணத்தன்று எடுத்தது. நீல உருண்டை, வெள்ளை மேகம், அதன்மேல் தீய்ந்துபோன மாதிரி ஒரு கருங்கறை. சந்திரனின் நிழல்.

குருக்கள் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "நாம கிரகணத்தன்னிக்கு நடை சாத்திண்டு உள்ளே இருக்கோம். வெளிலேர்ந்து பாத்தா இவ்வளவுதானா இது?" பிறகு மெதுவாக, "இவ்வளவு இருக்கா" என்று மாற்றிச் சொன்னார்.

"இத ராகுன்னு வெக்கலாமா?"

"சாஸ்திரப்படி பாத்தா சூரிய கிரகணம் ராகுவாலயும் வரும், கேதுவாலயும் வரும். ஆனா ராகு விழுங்கினார்னுதான் ஜனங்க சொல்றா. வெச்சுக்கோங்கோ. கேதுவுக்கு?"

"சந்திர கிரகணம் வெக்கறேன். பூமியோட நிழல்."

"பேஷ். சன்னதிக்குள்ள வேண்டாம், பந்தல்ல வைங்கோ. சிலைக்கு நான் பூஜை பண்றேன், படத்தை நீங்க பாத்துக்கோங்கோ."

கேதுவுக்குச் சிவந்த நிலாவைப் போட்டிருக்கலாம். அது எல்லார் போனிலும் இருக்கிறது, தரையிலிருந்து எடுத்தது. எனக்கு விண்கலம் எடுத்ததுதான் வேண்டும். தேடிப் பிடித்தேன். புதனைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு விண்கலம், ஒரு சந்திர கிரகணத்தின்போது திரும்பி நம் பக்கம் பார்த்துத் தொடர்ச்சியாகப் படங்கள் எடுத்திருந்தது. முதல் படத்தில், கறுப்புக்கு நடுவே இரண்டு வெள்ளைப் புள்ளிகள்: பெரியது பூமி, சின்னது நிலா. அடுத்ததில் சின்னது மங்குகிறது. பிறகு பெரிய புள்ளி மட்டும். நம் நிழலுக்குள் போய் நிலா காணாமல் போய்விட்டது. அந்த முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மேலும் கீழுமாக வைத்தேன். கேதுவுக்குப் பல வண்ணம் என்பார்கள்; கரையைப் பல வண்ணத்தில் போட்டேன். வேறு எதையும் சேர்க்கவில்லை.

பேனர் தொழிலில் முழுக் கறுப்புதான் கஷ்டம். மெஷினில் மை வரும் துளைகளில் ஒன்று அடைத்தாலும் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்துவிடும். பாய் அன்று முழுக்க மெஷினை மெதுவாக ஓட்டி, நடுநடுவே சுத்தம்செய்து அடித்தார். கேது இறங்கியதும், "பேஜாரு புடிச்ச வேலைம்மா, பாரு, தூசி உக்காந்துடுச்சி" என்று துணியால் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்க பாய், அது பூமி."

கை அந்தரத்தில் நின்றது. "எது?"

"இந்தப் பெரிய புள்ளி. நீங்க, நான், மெஷினு, எல்லாம் அதுக்குள்ளதான். இந்தச் சின்னது நிலா. கீழ பாருங்க, நிலா இல்ல. நம்ம நிழல் மறைச்சிடுச்சி."

துணியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு, "ஷார்ஜாவும் அதுலதானா?" என்றார்.

"ஆமா பாய்."

"அங்கேருந்து இங்க வர நான் எத்தினி வருசம் லீவுக்குக் காத்துக்கினு இருந்தேன் தெரியுமா? ரெண்டயும் ஒரே புள்ளியில வெச்சிட்டானே." சொல்லிவிட்டு, ஓரம் மடித்து வளையம் அடிக்கும் வேலையை வழக்கமாகப் பார்க்கிறவரிடம் கொடுக்காமல் தானே செய்தார்.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் நானே போய் நின்று கட்டவைத்தேன். ஊர்க்காரர்கள் சாரத்தில் ஏறி ஒன்பதையும் மளமளவென்று கட்டினார்கள். கீழே நின்று பார்த்த பெண்களில் ஒருவர், "இன்னாடி இது, புதனுக்கு அம்மை போட்டாப்ல கொப்புளம் கொப்புளமா இருக்குது?" என்றார். நானும் பார்த்தேன். பள்ளமாக இருக்கவேண்டியதெல்லாம் மேடாக உப்பிக்கொண்டு தெரிந்தது.

"ஐயா, புதன தலகீழா கட்டிட்டாங்க. எறக்கித் திருப்பச் சொல்லுங்க" என்றேன்.

"உருண்டைக்குத் தல ஏது, கால் ஏது?" என்றார் தலைவர். சாரத்தில் இருந்தவர்களுக்கும் இறங்கி ஏற மனமில்லை.

"உருண்டைக்கு இல்லீங்க ஐயா, நம்ம கண்ணுக்கு இருக்குது. வெளிச்சம் மேலேருந்து வரும்னு கண்ணு பழகிக்கினு இருக்கு. நெழல் மாறி விழுந்தா பள்ளத்த மேடுன்னு நெனச்சிக்கும். திருப்பிக் கட்டிப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா நானே ஏறி மாத்தறேன்."

திருப்பினார்கள். மேல் முனைகளைக் கட்டி விரித்துவிட்ட அந்த நொடியில் கொப்புளங்கள் எல்லாம் குழிகளாக உள்ளே போயின. கீழே நின்றவர்கள் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள். சாரத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டு, "இன்னொரு தபா தலகீழா கட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டார்கள். தலைவர் அதட்டி நிறுத்தினார்.

மறுநாள் நல்ல கூட்டம். கலசத்தில் புனித நீர் ஊற்றி முடித்ததும் ஜனங்கள் சன்னதியை நோக்கி நகர ஆரம்பித்தார்கள். சனியிடம் எல்லாரும் நின்றார்கள். அவ்வளவு அழகாக இருப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. "இவரப் பாத்தா பயந்தோம்?" என்று ஒருவர் மனைவியிடம் கேட்டார். ராகுவிடம் குருக்களே வந்து நின்று, இது பூமி, இது நிழல் என்று விரலால் காட்டினார். கேதுவிடம் கூட்டம் வேகமாகக் கடந்தது. புள்ளிகளில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண் மட்டும் நின்று கேட்டாள்: "நாம இதுல எங்கக்கா இருக்கறோம்?" கீழ்ப் படத்தில் உள்ள பெரிய புள்ளியைக் காட்டினேன். அவள் கையிலிருந்த குங்குமத்தைத் தொட்டு, எட்டி, அந்தப் புள்ளியின்மேல் வைத்தாள். குழந்தையின் நெற்றியிலும் மீதியை வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு வந்தவர்களெல்லாம் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு நின்றார்கள். என்னவென்று கேட்டார்கள். சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டிவிட்டது. இவ்வளவு பேருக்கு நான் ஒருநாளும் எதையும் விளக்கியதில்லை. ஒரு கேள்விகூட என்னைத் தடுமாறவைக்கவில்லை என்பதை இப்போதும் சந்தோஷமாகவே நினைத்துக்கொள்கிறேன்.

மழை தொடங்கிய சமயத்தில் ஒரு நாள் தலைவர் கடைக்கு போன் செய்தார். ஏதாவது குறையோ என்று நினைத்தேன். மல்லாட்டை பிடுங்கிக் களத்தில் குவித்திருந்தார்களாம், வானம் மூடிக்கொண்டதாம்.

"அவசரத்துல கோயில் ரூம்லேருந்து சனிய எடுத்தாந்து மேல போத்திட்டம்மா. ஒரு சொட்டு எறங்கல. நீ ஒண்ணும் நெனச்சிக்க மாட்டியே?"

"நல்லதுதானே ஐயா. படம் மேல பாத்தாப்ல இருக்கா, கீழயா?"

"மேல பாத்துத்தான். மழ வுட்டு மோடம் கலைஞ்சா அவருபாட்டுக்கு வானத்தப் பாத்துக்கினு கெடக்கட்டும்" என்றார். பின்னால் அந்த பேனரின்மேல் மழை விழும் சத்தம் போனிலேயே கேட்டது.